தொள்ளாயிரத்துப் பன்னிரண்டு

ஜூலை 3, புதன்

முதல் லேப். எனக்குக் கிடைத்தது பேனா.

வகுப்பில் நாற்பத்திரண்டு பேர். பெண்கள் பதினான்கு. தனுஷ்கோடி சார் வந்ததும் எங்களைச் சுவரோரமாக நிற்க வைத்து எண்ணினார். "கணக்கு சரியா இருக்கு. மூணு மூணு பேரா பிரிஞ்சுக்கங்க. குரூப்புக்கு ஒரு லேடீஸ். அப்பதான் ரீடிங்க நீட்டா எழுதுவாங்க" என்றார். பையன்கள் சிரித்தார்கள். சாரும் சிரித்தார். ஏதோ உப்பு, மிளகாய் பங்கு வைப்பதுபோல எங்களைப் பங்கு வைத்து முடித்துவிட்டார்கள்.

என் குழுவில் ஜெர்சன், நாகூர் மைதீன். ஜெர்சன் தூத்துக்குடியில் ஆங்கில வழியில் படித்தவன். சார் கேட்பதற்கு முன்பே பதில் சொல்கிறான். மைதீன் கழுகுமலைப் பக்கம். வாயே திறக்கவில்லை.

இன்று வெர்னியர் அளவுகோல். ஜெர்சன் அளந்தான், மைதீன் உருளையைப் பிடித்தான், நான் எழுதினேன். பள்ளிக்கூடத்திலும் எதையும் தொட விட்டதில்லை. உடைந்தால் யார் பதில் சொல்வது என்பார்கள். கல்லூரியிலாவது தொடலாம் என்றுதான் இயற்பியல் எடுத்தேன்.

ஜூலை 4, வியாழன்

தலைவலி. வகுப்பில் ஒன்றும் மண்டையில் ஏறவில்லை. மின்விசிறிச் சத்தம்தான் காரணம்.

ஜூலை 9, செவ்வாய்

இன்று எனக்கு வந்த கோபத்தை எங்கேயாவது எழுதாமல் தூங்க முடியாது.

தனுஷ்கோடி சார் ஒரு மணி நேரம் ஆங்கிலத்தில் பேசினார். சிம்பிள் பெண்டுலம், ஆசிலேஷன், டைம் பீரியட். நான் தலையை ஆட்டிக்கொண்டே பலகையில் இருந்ததை எல்லாம் எழுதிக்கொண்டேன். மணியடிக்கப் போகும் நேரத்தில் ஒரு படம் போட்டார். மேலே ஒரு கோடு, அதிலிருந்து ஒரு நூல், நூலின் முனையில் ஒரு குண்டு.

தனி ஊசல்!

தனி ஊசலின் அலைவு நேரம் அதன் நீளத்தின் இருமடி மூலத்திற்கு நேர்த்தகவில் இருக்கும். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். எனக்குத் தெரிந்ததையே எனக்குத் தெரியாத மாதிரி ஒரு மணி நேரம் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறார். நடுவில் ஒரே ஒரு வார்த்தை, 'ஊசல்' என்று சொல்லியிருந்தால் என்ன குறைந்துவிடும்? சாருக்குத் தமிழ் வராதா? கேன்டீனில் வடைக்குச் சட்னி வைக்கவில்லை என்று தமிழில்தானே சண்டை போடுகிறார்!

அம்மாவிடம் சொன்னேன். அங்கன்வாடிக்கு நாளைக்கு வேண்டிய பயறைப் புடைத்துக்கொண்டே, "சொல்லிக் குடுக்கறவங்கள கொற சொல்லாத" என்றாள். யாரைக் குறை சொல்வது பிறகு?

ஜூலை 10, புதன்

இன்று நிறமாலைமானி. ஸ்பெக்ட்ரோமீட்டர் என்று சொல்ல வேண்டுமாம். நான் ஒரு தடவை பார்க்கட்டுமா என்று கேட்டேன். ஜெர்சன் கண்ணை எடுக்காமல், "இரு, இப்பதான் செட் பண்ணிருக்கேன், கலைச்சிராத" என்றான். முடித்ததும் பார்க்கலாம் என்று காத்திருந்தேன். முடித்ததும் விளக்கை அணைத்துவிட்டான்.

"உன் கையெழுத்து நல்லாருக்கு. நீ எழுது" என்று வேறு சொன்னான். பாராட்டாம்!

ஜூலை 17, புதன்

ஊசல் எங்கள் முறை. லேபில் இரண்டு ஊசல் தாங்கிகள், ஸ்டாப்வாட்ச் ஒன்றுதான். சாவி கொடுக்கிற பழைய வாட்ச். வாரத்துக்கு இரண்டு குழுவாக மாறி மாறிச் செய்கிறோம்.

ஜெர்சனின் வேகத்தை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். மைதீன் கார்க்கில் நூலைச் சரியாகச் செருகிக்கொண்டிருக்கும்போதே, "எழுது. ஐம்பது சென்டிமீட்டர். இருபத்தெட்டு புள்ளி நாலு" என்றான். அடுத்தது, அதற்கடுத்தது என்று மடமடவென்று சொன்னான். இருபது அலைவுக்கு இவ்வளவு நேரம் என்று வாட்சைப் பார்த்த மாதிரிகூடத் தெரியவில்லை. ஆங்கில வழிக்காரர்களுக்கு எல்லாம் கைப்பழக்கம். கணக்குப் போட்டால் புவியீர்ப்பு முடுக்கம் 980.2 வந்தது. சார் 'குட்' என்று சிவப்பு மையில் போட்டார். பதினைந்து நிமிடத்தில் அவன் கேன்டீனில் இருந்தான்.

மைதீன் மட்டும் குண்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றிருந்தான். பாவமாக இருந்தது. அவன் கட்டிய ஊசல் ஒரு தடவைகூட ஆடவில்லை.

ஜூலை 18, வியாழன்

ஜெர்சன் தன் ரெக்கார்டு நோட்டை என்னிடம் கொடுத்து, "இதையும் சேத்து எழுதிரேன், ப்ளீஸ்" என்கிறான். பழுப்புத் தாள் அட்டைகூடப் போடவில்லை. நானே அட்டை போட்டு, எழுதி, வரைபடமும் வரைந்து கொடுக்க வேண்டுமாம். கொடுத்த கையோடு போய்விட்டான். அவன் நோட்டை மேசை மேலேயே வைத்துவிட்டு வந்துவிட்டேன். மழை வந்தால் நனையட்டும்.

(மழை வரவில்லை. கோவில்பட்டியில் எப்போது வந்திருக்கிறது?)

ஜூலை 24, புதன்

சண்டை.

ஜெர்சன் ரீடிங் சொன்னான். நான் எழுதவில்லை. பேனாவை மூடி வைத்தேன்.

"எழுது."

"இன்னைக்கு நீ எழுது. நான் பாக்கேன்."

"உனக்கு செட் பண்ணத் தெரியாது."

"தொட விட்டாத்தான தெரியும்!"

சத்தமாகச் சொல்லிவிட்டேன் போலிருக்கிறது. லேப் முழுக்கத் திரும்பியது. பக்கத்து மேசையில் என் தோழி இசக்கியம்மாள் வாயைப் பொத்திக்கொண்டாள். சார் வந்தார். விஷயத்தைச் சொன்னேன். எல்லாவற்றையும் தமிழில்தான் சொன்னேன், இந்தக் கோபத்தில் ஆங்கிலத்துக்கு எங்கே போக?

சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "உனக்கு குரூப் வேண்டாம்ன்னா தனியா செய். எல்லாத்தையும் நீயே செட் பண்ணு, நீயே எடு, நீயே எழுது. முடியுமா?"

"முடியும் சார்."

"அப்ப அடுத்த வாரம் பெண்டுலத்துல இருந்து ஆரம்பி. அப்புறம் முடியலன்னு வந்து நிக்கக் கூடாது."

தண்டனையாகத்தான் சொன்னார். எனக்குத் தண்டனையாகத் தெரியவில்லை.

ஜூலை 31, புதன்

நானே கார்க்கைப் பிளந்தேன். நானே நூல் செருகினேன். குண்டின் விட்டத்தை வெர்னியரில் அளந்தேன், பாதியை நூலின் நீளத்தோடு கூட்டினேன். ஆட விட்டேன். முதல் தடவை குண்டு வட்டமாகச் சுற்றியது, விட்டுவிட்டு மறுபடி செய்தேன். எண்ணுவதற்குள் மூச்சு நின்றுவிடும் போலிருந்தது. சாயங்கால பஸ்ஸுக்கு நேரமாகியும் எழுந்திருக்கவில்லை.

இவ்வளவு சந்தோஷமாக எந்த வேலையும் செய்ததில்லை.

விடை 912.

மறுபடி கூட்டினேன், மறுபடி வகுத்தேன். 912தான். எனக்குப் பக்கத்துத் தாங்கியில் அதே வாட்சை வாங்கிக்கொண்டு போன குழு பத்து நிமிடத்தில் 979 எடுத்துவிட்டுப் போய்விட்டது.

சார் பார்த்தார். "பெர்சனல் எரர்" என்றார். "கவனம் பத்தல. அடுத்த வாரம் ரிப்பீட்."

ஆகஸ்ட் 1, வியாழன்

கல்லூரிக்குப் போகவில்லை. தலைவலி.

ஆகஸ்ட் 2, வெள்ளி

இன்றும்.

ஆகஸ்ட் 7, புதன்

நூலை மாற்றினேன். மூன்று தடவை செய்தேன். 914. 910. 912.

தப்பு என் கையில்தான் இருக்கிறது என்றால் ஒவ்வொரு தடவையும் ஒரே அளவாகவா தப்பு வரும்? ஒரு நாள் கூட, ஒரு நாள் குறைய என்றுதானே வரும்? இதைச் சாரிடம் கேட்டேன். அவர் என் நோட்டை வாங்கி, பென்சிலால் ஒரு நேரத்தைச் சுழித்து, "இது இருபத்தொன்பது புள்ளி நாலு இல்ல, இருபத்தெட்டு புள்ளி நாலா இருக்கும். நல்லா பாரு. மாத்திட்டு வா, கையெழுத்துப் போடுறேன்" என்றார்.

"இருபத்தொன்பது புள்ளி நாலுதான் சார் காட்டுச்சு."

"980-தான்மா விடை. உலகத்துக்கே தெரியும்."

"விடை தெரியும்ன்னா எதுக்கு சார் அளக்கணும்?"

நான் எதிர்த்துப் பேசுவதற்காகக் கேட்கவில்லை. நிஜமாகத் தெரியாமல்தான் கேட்டேன். ஆனால் பின்னால் இருந்து யாரோ விசிலடித்தார்கள். சாரின் முகம் மாறிவிட்டது.

"நாளன்னைக்கு உங்கப்பாவக் கூட்டிட்டு வா."

ஆகஸ்ட் 9, வெள்ளி

இதை எழுதும்போது பேனா தாளைக் கிழிக்கிறது. துக்கத்தினால் இல்லை.

அப்பா மினி பஸ் ஓட்டுகிறார். காலை நடையை இன்னொருவரிடம் மாற்றிவிட்டு, காக்கிச் சட்டையோடே கல்லூரிக்கு வந்தார். ஆசிரியர் அறையில் சார் உட்கார்ந்திருந்தார். அப்பா நின்றார். பக்கத்தில் நாற்காலி காலியாகத்தான் இருந்தது. சார் உட்காரச் சொல்லவில்லை, அப்பாவும் உட்காரவில்லை.

"உங்க பொண்ணுக்கு லேப் ஒர்க் வரல. நாங்க சொன்னாலும் கேக்க மாட்டேங்கறா. கிளாஸ்ல எல்லார் முன்னாலயும் எதிர்த்துப் பேசுறா" என்றார் சார். "வரலன்னா தப்பில்ல, எல்லாருக்கும் எல்லாம் வராது. தமிழ் டிபார்ட்மென்ட்ல ரெண்டு சீட் காலியா இருக்கு. தமிழ் மீடியம் பிள்ளதான? இந்த மாசத்துக்குள்ள மாத்திக்கலாம்."

தமிழ்த் துறை என்றால் வேறு எதற்கும் ஆகாதவர்களைப் போட்டு வைக்கிற கொட்டடியா? அங்கே படிப்பவர்கள் கேட்டால் என்ன நினைப்பார்கள்?

அப்பா கும்பிட்டார். என் அப்பா, இரண்டு கையையும் சேர்த்துக் கும்பிட்டார். "சின்னப் பிள்ள சார். வீட்டுல செல்லமா வளந்துட்டா. மனசுல வச்சுக்காதீக. நான் சொல்லி வைக்கேன். மன்னிச்சிருங்க சார்."

"அப்பா, நான் தப்பு பண்ணல" என்றேன்.

"சும்மா இரு தாயி."

சார் அந்த நேரம் மேசைமேல் இருந்த ஏதோ ஒரு தாளைப் பார்த்துக்கொண்டிருந்தார். கடைசிவரை அப்பாவின் முகத்தைப் பார்க்கவே இல்லை. மரியாதை இல்லாத மனுஷன்.

வெளியே வந்ததும் அப்பா கல்லூரிக் குழாயில் தண்ணீர் குடித்தார். "அவங்க சொல்றத எழுதிட்டுப் போயேம்மா. ஒரு நம்பர்தான?" என்றார். நான் பேசவில்லை. இப்போதும் பேசவில்லை. சாப்பாடு எடுத்து வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

ஆகஸ்ட் 11, ஞாயிறு

துவைத்தேன். தேய்த்தேன். அப்பாவின் காக்கிச் சட்டையை மட்டும் தேய்க்கவில்லை. பிறகு தேய்த்தேன்.

ஆகஸ்ட் 12, திங்கள்

காலையில் பேருந்து நிலையத்தில் ஒரே கூச்சல். கூச்சல் போட்டது அப்பா.

தனியார் பஸ்கள் எத்தனை மணிக்கு எடுக்க வேண்டும் என்று விசில் ஊதுகிற டைம் கீப்பர் ஒருவர் இருக்கிறார். அப்பாவின் பஸ்ஸை நேரமாகிவிட்டது என்று காலியாகக் கிளப்பிவிடப் பார்த்தாராம். அப்பா பஸ்ஸை விட்டு இறங்கி, அவர் முகத்துக்கு நேரே கையை நீட்டி, "ஏ, உம்ம வாட்ச முதல்ல சரி பண்ணும்யா! ரெண்டு நிமிசம் முந்தி ஓடுது. உம்ம வாட்சு தப்புன்னா நான் எதுக்கு வண்டிய எடுக்கணும்? ஆபீஸ் மணியப் பாரும், இந்தா இவரு மணியப் பாரும்!" என்று நாலு பேர் கைகளைப் பிடித்துப் பிடித்துக் காட்டினார். கடைசியில் டைம் கீப்பர் வாயை மூடிக்கொண்டார். அப்பா இரண்டு நிமிடம் கழித்துத்தான் எடுத்தார், நிறைய ஆட்களோடு.

எனக்கு முதலில் ஆத்திரம்தான் வந்தது. இரண்டு நிமிடத்துக்கு இப்படி நெஞ்சை நிமிர்த்துகிறவர் அன்றைக்கு ஏன் அப்படிக் குனிந்தார்? கல்லூரி வாசல்வரை இதையே நினைத்துக்கொண்டு போனேன்.

வாசலில்தான் உறைத்தது. ஸ்டாப்வாட்ச்.

ஆகஸ்ட் 14, புதன்

லேபில் கைப்பேசி கூடாது. மைதீன் கையில் அவன் வாப்பாவின் பழைய கைக்கடிகாரம் இருக்கிறது. வட்டமான வெள்ளை முகம், நொடி முள் உண்டு. அவனைக் கூப்பிட்டேன். ஏன், எதற்கு என்று கேட்காமல் வந்து உட்கார்ந்தான். அவனிடம் எனக்குப் பிடித்தது, அதாவது உதவியாக இருப்பது, அதுதான்.

அவன் நொடி முள் பன்னிரண்டில் வரும்போது 'ம்' என்றான், நான் ஸ்டாப்வாட்சை அழுத்தினேன். முள் ஒரு சுற்றுச் சுற்றி வந்ததும் மறுபடி 'ம்' என்றான். நிறுத்தினேன்.

அறுபத்திரண்டு நொடிக்குக் கொஞ்சம் மேலே காட்டியது.

சுவர்க் கடிகாரத்தை வைத்துப் பார்த்தோம். அதே. இசக்கியின் கடிகாரத்தை வாங்கிப் பார்த்தோம். அதே. ஒரு நிமிடத்துக்கு இரண்டு நொடிக்கு மேல் முந்தி ஓடுகிறது. அந்தக் கணக்கைக் கழித்துவிட்டு என் ரீடிங்கைப் போட்டேன். 979 வந்தது. மைதீன் முதல்முறையாகச் சிரித்தான். அப்புறம் சிரிப்பை நிறுத்திவிட்டு, மெதுவாகக் கேட்டான்.

"அப்ப நமக்கு அன்னைக்கு எப்படி 980 வந்துச்சு?"

நான் எவ்வளவு பெரிய முட்டாள்! ஜெர்சன் அன்றைக்கு வாட்சைப் பார்க்கவே இல்லை. விடையை வைத்துக்கொண்டு பின்னாலிருந்து கணக்குப் போட்டு வந்திருக்கிறான், அல்லது சீனியர் யாரிடமோ வாங்கியிருக்கிறான். இந்த வாட்சில் 980 எடுத்த ஒவ்வொரு குழுவும் அப்படித்தான். அத்தனையையும் அழகான கையெழுத்தில் எழுதிக் கொடுத்தது நாங்கள் பதினான்கு பேர்.

நேரே சாரிடம் போனேன். ஒளிச் சோதனைகள் செய்கிற இருட்டறையில் தனியாக உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார், இரண்டு வகுப்புக்கு நடுவில் அவருக்குக் கிடைப்பது அந்த நேரம்தான். வாட்சை மேசையில் வைத்து விஷயத்தைச் சொன்னேன். சந்தோஷப்படுவார் என்று நினைத்தேன். நிஜமாகவே நினைத்தேன்.

"தெரியும்மா" என்றார்.

எனக்குப் புரியவில்லை.

"ரெண்டு வருஷமா தெரியும். புது வாட்ச் கேட்டு எழுதிக் குடுத்துட்டேதான் இருக்கேன். வாங்கித் தரல. நான் கெஸ்ட் லெக்சரர். வருஷா வருஷம் கூப்பிட்டாத்தான் வேலை. லேப்ல ரிசல்ட் வரலன்னா வாட்சக் கேக்க மாட்டாங்க, என்னத்தான் கேப்பாங்க." டப்பாவை மூடினார். பாதிச் சோறு அப்படியே இருந்தது. "980ன்னு எழுதிட்டுப் போ. உனக்கும் நல்லது."

"தெரிஞ்சுகிட்டேதான் பெர்சனல் எரர்ன்னு சொன்னீங்களா?"

டப்பாவைப் பைக்குள் வைத்தார்.

"தெரிஞ்சுகிட்டேதான் எங்கப்பாவக் கூப்பிட்டீங்களா சார்?"

நான் வாட்சை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். பிறகு திரும்பிப் போய் வைத்துவிட்டு வந்தேன், திருடி என்று சொல்லிவிடுவார்கள்.

நான் அழவில்லை. மைதீன்தான் தண்ணீர் பாட்டிலை நீட்டினான். ஏன் என்று தெரியவில்லை.

ஆகஸ்ட் 15, வியாழன்

விடுமுறை. கொடியேற்றத்துக்குப் போகவில்லை. அம்மா அங்கன்வாடியில் கொடுத்த மிட்டாயைக் கொண்டுவந்தாள்.

ஆகஸ்ட் 16, வெள்ளி

கடைசி மணி. தனுஷ்கோடி சார் பலகையில் 'எரர்ஸ்' என்று எழுதி ஆங்கிலத்தில் பாடம் நடத்தினார். கருவிப் பிழை, சூழல் பிழை, ஆள் பிழை. எல்லாம் எனக்குத் தமிழில் தெரிந்தவை. ஆள் பிழையைப் பற்றிச் சொல்லும்போது மாணவர்களின் கவனக்குறைவு என்று சொன்னார். அந்த ஒரு வரி ஆங்கிலம் எனக்கு நன்றாகவே புரிந்தது.

எழுந்து நின்றேன். இந்த ஒன்றரை மாதத்தில் லெக்சரில் நான் எழுந்து நிற்பது இதுதான் முதல் தடவை.

"சார், நம்ம லேப் ஸ்டாப்வாட்ச் ஒரு நிமிஷத்துக்கு ரெண்டு செகண்டுக்கு மேல முந்தி ஓடுது. அதுல அளந்தா 912தான் வரும். 980 வரவே வராது. அது ஆள் பிழையா, கருவிப் பிழையா சார்?"

அப்படி ஒரு அமைதியை நான் கேட்டதில்லை. மின்விசிறிச் சத்தம்கூட இல்லை. மின்விசிறி ஒருவேளை ஓடவில்லையோ என்னவோ.

சார், 'இல்லை' என்று சொல்லியிருக்கலாம். 'உட்கார்' என்று சொல்லியிருக்கலாம். யாரும் எதுவும் கேட்டிருக்க மாட்டார்கள். அவர் சாக்பீஸை உருட்டிக்கொண்டே நின்றார். பிறகு லெக்சரில் முதல்முறையாகத் தமிழில் பேசினார்.

"கருவிப் பிழை. அவ சொல்றது சரி. வாட்ச் தப்பு." சாக்பீஸைக் கீழே வைத்தார். "அந்த வாட்ச்ல 980 எடுத்தவங்க கை தூக்குங்க."

ஒரு கைகூட எழவில்லை. ஜெர்சன் மேசைக்கு அடியில் எதையோ தேடிக்கொண்டிருந்தான்.

"சரி. புதன்கிழமை எல்லாரும் மறுபடி செய்யணும். பழைய ரீடிங் எதுவும் செல்லாது. ஒவ்வொருத்தரும் தனித்தனியா. இனிமே லேடீஸ் எழுதுறது, ஜென்ட்ஸ் எடுக்கறதுன்னு கிடையாது. நேரம் பாக்க போன் கொண்டு வரதுக்கு நான் பிரின்ஸ்பால்கிட்ட பேசுறேன்."

ஜெயித்துவிட்டேன் என்று நினைத்துக்கொண்டு வெளியே வந்தேன். தாழ்வாரத்தில் ஒருவரும் என்னோடு பேசவில்லை.

ஆகஸ்ட் 19, திங்கள்

என் பெஞ்சில் '912' என்று கரியால் எழுதியிருக்கிறார்கள். மூன்று இடத்தில்.

அவர்களுடைய ஆறு வாரம் வீணாகிவிட்டதாம். ரெக்கார்டு முழுக்கத் திருப்பி எழுத வேண்டுமாம். வாட்சை முந்தி ஓட விட்டது நானா? பொய் எழுதச் சொன்னது நானா? ஜெர்சன் எல்லார் முன்னாலும், "தனக்கு வரலன்னதும் எல்லாரையும் மாட்டி விட்டுட்டா" என்றான். எனக்கு வராததா? எனக்கு மட்டும்தான் வந்தது!

அதெல்லாம்கூடப் போகட்டும். இசக்கி. "நல்லதுதான் செண்பகா, ஆனா சார்கிட்ட தனியா சொல்லிருக்கலாம்ல? நாங்களும்ல மாட்டிக்கிட்டோம்?" என்றாள். தனியாகத்தான் முதலில் சொன்னேன் என்று சொல்ல வாயெடுத்தேன். அவள் பஸ்ஸுக்குப் போய்விட்டாள்.

மைதீன் தன் கைக்குட்டையால் பெஞ்சைத் துடைத்தான். எனக்குத் துடைக்கத் தெரியாதா?

ஆகஸ்ட் 21, புதன்

லேபில் இன்று சந்தை மாதிரி சத்தம். பிரின்ஸ்பால் போனுக்கு ஒரு நாள் மட்டும் அனுமதி கொடுத்திருந்தார். தாங்கி பத்தவில்லை என்று ஜன்னல் கம்பியில், கதவுத் தாழ்ப்பாளில், அலமாரிக் கைப்பிடியில் எல்லாம் நூல் கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். பார்க்கிற பக்கமெல்லாம் குண்டு ஆடிக்கொண்டிருந்தது. முதல் அரை மணி நேரம் எல்லாரும் என்னை முறைத்துக்கொண்டே செய்தார்கள். அப்புறம் முறைக்க நேரமில்லை, எண்ண வேண்டியிருந்தது.

ஒருவருக்கும் 980 வரவில்லை. 940, 1003, 958. விடையைப் பலகையில் பேரோடு எழுதச் சொன்னார் சார். இசக்கி 991 எடுத்துவிட்டு, "ஏ, எனக்கு வந்துட்டு பிள்ள!" என்று ஓடி வந்து என் தோளைப் பிடித்து உலுக்கினாள். சண்டையை மறந்துவிட்டாள். நான் மறக்கவில்லை, ஆனால் கையை எடுக்கச் சொல்லவில்லை. எனக்கு 976. மைதீனுக்கு 974.

ஜெர்சனுக்கு 1086. மறுபடி எடுத்தான், 1090. உதட்டைக் கடித்துக்கொண்டு மூன்றாவது தடவை நூலை அளந்தான். எல்லாரும் கேன்டீனுக்குப் போனபிறகும் அவன் போகவில்லை. கடைசியில் என் மேசைக்கு வந்து, வேறு பக்கம் பார்த்துக்கொண்டு, "எங்க தப்பு?" என்றான்.

எண்ணிக் காட்டச் சொன்னேன். குண்டை விட்டு, போனை அழுத்தி, "ஒண்ணு" என்று ஆரம்பித்தான்.

"ஒண்ணுன்னு ஆரம்பிச்சா மொத்தம் பத்தொன்பதுதான் ஆடியிருக்கும். சைபர்னு ஆரம்பி."

தாங்க்ஸ் சொல்லவில்லை. நானும் எதிர்பார்க்கவில்லை. போய் மறுபடி குண்டை விட்டான். "சைபர்" என்று சொல்வது என் மேசைவரை கேட்டது.

சாரும் செய்தார். சட்டைக் கையை மடித்துவிட்டு, ஸ்டூலில் உட்கார்ந்து. எத்தனை வருஷம் ஆயிற்றோ, நூலைக் கார்க்கில் செருகவே இரண்டு தடவை தவறவிட்டார். 969. அதை அப்படியே பலகையில் தன் பேருக்கு நேரே எழுதினார்.

எல்லாரும் போனபிறகு என் ரெக்கார்டைக் கேட்டார். பழைய 912ஐ நான் அடிக்கவில்லை. அதற்குக் கீழே வாட்ச் எவ்வளவு முந்தி ஓடுகிறது, கழித்தால் என்ன வரும், புதிதாக எடுத்தது என்ன என்று எல்லாம் எழுதியிருந்தேன். தமிழில். முழுக்கப் படித்தார். ஒரு திருத்தமும் போடாமல் கையெழுத்துப் போட்டார்.

"நீ டிபார்ட்மென்ட் மாற வேண்டாம்மா" என்றார்.

நான் நகரவில்லை.

"இன்னும் என்ன?"

"எங்கப்பாகிட்ட சொல்லுங்க சார்."

"நீயே சொல்லிரு. நான் சொன்னேன்னு சொல்லு."

"நான் சொன்னா நம்ப மாட்டாரு சார். உங்களத்தான் நம்புவாரு. உங்களத்தான் அன்னைக்கும் நம்புனாரு."

சார் போனை எடுத்து, "நம்பர் சொல்லு" என்றார். சொன்னேன். அழுத்திவிட்டு, காதில் வைக்கும் முன் ஒரு தடவை தொண்டையைச் செருமிக்கொண்டார்.

அப்பா எடுத்தார். எஞ்சின் சத்தத்துக்கு மேலே பேசிப் பழகியவர், நின்றுகொண்டிருக்கும் பஸ்ஸிலும் கத்தித்தான் பேசுவார். மேசைக்கு இந்தப் பக்கம் எனக்கு ஒவ்வொரு வார்த்தையும் கேட்டது.

"நான் காலேஜ்ல இருந்து தனுஷ்கோடி" என்றார் சார்.

"ஐயா, சார், வணக்கம் சார்! பிள்ள எதும் பண்ணிட்டாளா சார்? மன்னிச்சிருங்க சார். நான் அன்னைக்கே சொல்லி வச்சேன். இப்பவே வாரேன் சார், ஒரு நடை மட்டும் போயிட்டு வந்துருதேன், கோவிச்சுக்கிறாதீக. அவளுக்கு கொஞ்சம் வாய் சாஸ்தி, மத்தபடி நல்ல பிள்ள சார், மன்னிச்சிருங்க."

சார் வாயைத் திறந்தார். அப்பா விடவில்லை. மன்னிச்சிருங்க, மன்னிச்சிருங்க என்று மழை மாதிரி கொட்டிக்கொண்டே இருந்தார். போனை இறுகப் பிடித்துக்கொண்டு சார் நின்றார். அவர் முகம் வெளுத்துவிட்டது. அதுவரை நான் யார் மேலெல்லாம் கோபப்பட்டேனோ, அத்தனை கோபமும் எனக்கு ஒன்றாக வந்தது. போனைப் பிடுங்காத குறையாக அதன் பக்கம் குனிந்து கத்தினேன்.

"அப்பா! நீங்க பேசாதீங்க! அவர் பேசட்டும். நீங்க கேளுங்க!"

அந்தப் பக்கம் சத்தம் நின்றது. எஞ்சினையும் அணைத்துவிட்டார் போலிருக்கிறது.

சார் பேசினார். "உங்க பொண்ணு மேல தப்பில்லங்க. அவ எடுத்த அளவு சரி. எங்க வாட்ச்தான் தப்பு. அது எனக்கு அன்னைக்கே தெரியும். தெரிஞ்சுகிட்டேதான் உங்களக் கூப்பிட்டு நிக்க வச்சேன்." நிறுத்திவிட்டு, "உக்காரக்கூடச் சொல்லல" என்றார். "நீங்கதான் என்னை மன்னிக்கணும்."

பஸ்ஸுக்குள் யாரோ, "என்ன டிரைவர், எடுக்கலையா?" என்பது கேட்டது.

பிறகு அப்பாவின் குரல், எனக்குப் பழக்கமே இல்லாத மெல்லிய குரலில் வந்தது. "ரொம்ப நன்றிங்க சார்."

நன்றியாம்! எதற்கு நன்றி? வீட்டுக்குப் போய்க் கேட்கப்போகிறேன்.